சல்லடைக்குள் நடக்கும் வேதியியல்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் ஜியோலைட் போன்ற நுண்துளைத் திண்மங்களை வினையூக்கியாக, அதாவது தான் தீராமல் வினையை வேகப்படுத்தும் பொருளாக, பயன்படுத்துவது பற்றி எழுதியிருந்தேன். இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வினையூக்கி என்றால் பள்ளியில் பிளாட்டினம், நிக்கல் என்று படித்தோம். துளை போட்ட கல் எப்படி வினையூக்கி ஆகும்? துளைக்கு அப்படி என்ன மகிமை? — வாசகர், விருத்தாசலம்

ஜியோலைட் என்பது சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த படிகம். மணலிலும் களிமண்ணிலும் இருக்கும் அதே தனிமங்கள்தான், ஆனால் அடுக்கியிருக்கும் விதம் வேறு. படிகத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஒரே அளவில் சந்துகள் ஓடும். அவற்றின் வாய் ஒரு நானோமீட்டரை விடக் குறுகல், அதாவது சிறிய மூலக்கூறுகளின் பருமன்தான். சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் உட்கார்ந்தால் அங்கே ஓர் எதிர்மின்சுமை மிஞ்சும். அதை ஈடுகட்ட ஒரு நேர் அயனி வந்து ஒட்ட வேண்டும். அந்த அயனி ஹைட்ரஜனாக இருந்தால், அந்த இடம் வீரியமான அமிலம். கந்தக அமிலம் செய்யும் வேலைகளில் பலவற்றை இந்த வெள்ளைப் பொடி செய்யும். கையில் கொட்டினால் சுடாது, குழாயை அரிக்காது, வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்துவிடலாம்.

இதற்கு மேல்தான் துளையின் வேலை. ஒரு கிராம் ஒய் வகை ஜியோலைட்டின் உள்பரப்பு 600 சதுர மீட்டரைத் தாண்டும். சென்னைக் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று கிரவுண்ட். இந்த எண்ணைச் சொன்னால் எல்லோரும் வியப்பார்கள், ஆனால் அதைக் கேட்டு மயங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உள்பரப்பு அதிகமுள்ள பொருள்கள் எத்தனையோ உண்டு, கரித்தூளுக்கே உண்டு. ஒரு துளையை எடைபோட மூன்று கேள்விகள் போதும். எது உள்ளே நுழையலாம்? உள்ளே போனது எந்த வடிவமாக மாற இடம் இருக்கிறது? மாறியது நேரத்தோடு வெளியே வந்துவிடுமா? மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், ஆலைகள் அடிவாங்குவதும் அங்கேதான்.

மணலி சுத்திகரிப்பு ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கச்சா எண்ணெயின் கனமான பகுதியை உடைத்து பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் ஆக்கும் பிரிவு ஒன்று அங்கே உண்டு. உலகமெங்கும் அந்தப் பிரிவில் ஓடுவது ஒய் ஜியோலைட். ஒரு மயிரிழை தடிமன்கூட இல்லாத உருண்டைத் துகள்களாக அதைச் செய்திருப்பார்கள். சுடு எண்ணெய் ஆவியோடு சேர்ந்து அந்தத் துகள்கள் உயரமான குழாயில் மேலே பறக்கும், எண்ணெயோடு உறவாடுவது சில விநாடிகள்தான். அதற்குள் துகளின் மேல் கரி படிந்துவிடும். பக்கத்து உலையில் ஏறக்குறைய 700 டிகிரியில் அந்தக் கரியை எரித்து, எரிந்த சூட்டோடே துகளைத் திரும்ப அனுப்புவார்கள். எண்ணெயை உடைக்கத் தேவையான வெப்பம் இதிலிருந்தே கிடைக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் மொபில் நிறுவனத்தில் சார்லஸ் பிளாங்க், எட்வர்ட் ரோசின்ஸ்கி என்ற இருவர் ஜியோலைட்டை இந்தப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். அதே எண்ணெயிலிருந்து கிடைக்கும் பெட்ரோலின் அளவு சட்டென்று உயர்ந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. கனமான எண்ணெய் மூலக்கூறு ஒய் ஜியோலைட்டின் 0.74 நானோமீட்டர் வாய்க்குள் நுழையவே நுழையாது. அதனால் துகள் முழுவதையும் ஜியோலைட்டாகச் செய்வதில்லை. களிமண்ணும் அலுமினாவும் (அலுமினிய ஆக்சைடு) கலந்து, அவற்றில் பெரிய துளைகளை வைத்திருப்பார்கள். பெரிய மூலக்கூறு முதலில் அங்கே உடையும், உடைந்த துண்டுதான் ஜியோலைட்டுக்குள் போகும். வடிவமைப்பு என்றால் படிகத்தை மட்டும் வடிவமைப்பதில்லை, பெரிய துளையிலிருந்து சிறிய துளை வரைக்கும் வழி போட்டுக் கொடுப்பதும் சேர்த்துத்தான்.

அவ்வளவு சிறிய துளையை யார், எந்தக் கருவியால் போடுகிறார்கள்? — ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி

யாரும் துளை போடுவதில்லை, அம்மா. துளை இருக்க வேண்டிய இடத்தில் முதலில் வேறொன்றை உட்கார வைத்து, அதைச் சுற்றிப் படிகத்தை வளர விட்டு, கடைசியில் உள்ளே இருப்பதை எரித்துவிடுகிறார்கள்.

இயற்கையிலும் ஜியோலைட் உண்டு. 1756-இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது கொதிப்பது போல நீராவியை விட்டது, அதிலிருந்து வந்த பெயர். ஆய்வகத்தில் செய்யும் வழியை 1940-களில் வேதியியலாளர் ரிச்சர்ட் பாரர் திறந்தார். அமெரிக்காவில் யூனியன் கார்பைடின் ராபர்ட் மில்டன் அந்த தசாப்த முடிவில், மிதமான சூட்டிலேயே ஏ, எக்ஸ் வகைகளைச் செய்து காட்டினார். சோப்புத்தூளில் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கச் சேர்ப்பது அந்த ஏ வகையைத்தான்.

அதன்பிறகு வந்த இசட்.எஸ்.எம்-5 என்ற ஜியோலைட் வகையைப் பார்த்தால் நான் சொன்னது தெளிவாகப் புரியும். ஒரு நைட்ரஜன் அணுவைச் சுற்றி நான்கு புரோப்பைல் கைகள் உள்ள டெட்ராபுரோப்பைல் அம்மோனியம் என்ற அயனியை சிலிக்கா கூழில் கலக்கிறார்கள். டெஃப்லான் உறை போட்ட எஃகுக் கலனில் அடைத்து 150-லிருந்து 180 டிகிரி வரை சூட்டில் சில நாள் வைக்கிறார்கள். சிலிக்கா அந்த அயனியைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறது. நேரான சந்தும் நெளிந்து போகும் சந்தும் வெட்டிக்கொள்ளும் முச்சந்தி நாற்சந்தி ஒவ்வொன்றிலும் ஓர் அயனி உட்கார்ந்திருக்கும், அதன் நான்கு கைகளும் நான்கு பக்கச் சந்துகளுக்குள் நீட்டியிருக்கும். படிகத்தைக் கழுவிக் காயவைத்து 550 டிகிரியில் காற்றில் சுட்டால் அயனி எரிந்து போய்விடும், அது இருந்த இடம் காலியாக நிற்கும்.

இந்த அயனிக்கு வார்ப்பு மூலக்கூறு என்று பெயர். அதை மாற்றினால் படிகமே மாறும். இன்னொரு நுட்பமும் இருக்கிறது: நைட்ரஜனின் நேர்மின்சுமை பக்கத்தில் அலுமினியம் வந்து உட்கார விரும்பும் என்பதால், எந்த அயனியைப் போடுகிறோம் என்பது அமில மையம் எங்கே அமையும் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கிறது.

இதெல்லாம் எண்ணெய்க் கம்பெனிக் கதை. எங்களைப் போன்ற துணிக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? — வாசகர், திருப்பூர்

உங்கள் குடோனிலேயே இருக்கிறது. பாலியெஸ்டர் நூலும் குடிநீர் பாட்டிலும் டெரெப்தாலிக் அமிலத்திலிருந்து வருபவை. அந்த அமிலம் பாரா-சைலீனிலிருந்து வருகிறது.

சைலீன் மூன்று வடிவத்தில் இருக்கும். ஒரு பென்சீன் வளையத்தில் இரண்டு மெத்தில் குழுக்கள். அவை நேர் எதிரெதிரே இருந்தால் பாரா, ஓரளவு தள்ளி இருந்தால் மெட்டா, பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஆர்த்தோ. சாதாரண அமில வினையூக்கியைப் போட்டால் மூன்றும் சமநிலைக்குப் போய் நின்றுவிடும், பாரா ஏறக்குறைய கால் பங்குதான் கிடைக்கும், மெட்டா பாதிக்கு மேல். மூன்றின் கொதிநிலையும் நெருங்கி இருப்பதால் காய்ச்சி வடித்துப் பிரிப்பது பெரும்பாடு.

இங்கேதான் இசட்.எஸ்.எம்-5 கைகொடுத்தது. அதன் சந்து ஏறக்குறைய 0.55 நானோமீட்டர். குறுகலான தெருவில் ஏணியை நீளவாக்கில் தூக்கிப் போனால் போய்விடலாம், குறுக்கே பிடித்தால் முட்டிக்கொள்ளும் அல்லவா, பாரா நீளவாக்கில் போகிற ஏணி, மற்ற இரண்டும் குறுக்கே பிடித்தவை. பாரா மற்றவற்றை விடக் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு வேகமாக வெளியே வரும். சந்துக்குள் மாட்டிக்கொண்ட மெட்டாவும் ஆர்த்தோவும் சும்மா இருப்பதில்லை, அமில மையத்தில் மீண்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாறும்போது பாராவாக வடிவம் எடுத்த நொடியில் அதுவும் வெளியேறிவிடும். உள்ளே சமநிலைதான், ஆனால் வாசல் ஒருவருக்கே சாதகம் செய்கிறது. ஒரே ஒரு மெத்தில் குழு உள்ள டொலுவீனிலிருந்து தொடங்கி, படிகத்தின் வெளித்தோலில் மெல்லிய சிலிக்கா பூச்சு கொடுத்தால், வெளிப்புற அமில மையங்களும் மூடப்பட்டு, வரும் சைலீனில் 90 சதவீதத்துக்கு மேல் பாராவாக இருக்கும். வெளித்தோலை மூட மறந்தால், வெளியே வந்த பாரா அங்கேயே நின்று மறுபடி மூன்றாகப் பிரிந்துவிடும்.

இந்த வேலையில் நம் பங்கும் உண்டு. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் என்சிலைட் என்ற ஜியோலைட் வினையூக்கியை உருவாக்கி, 1980-களில் வடோதரா சைலீன் ஆலையில் ஓட வைத்தார்கள். அதை முன்னின்று செய்தவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னையில் படித்த பால் ரத்னசாமி. பின்னாளில் அந்த ஆய்வகத்தின் இயக்குநராகவும் இருந்தார். வெளிநாட்டு உரிமம் வாங்காமல் நாமே செய்த வினையூக்கி ஒரு பெரிய ஆலையில் ஓடியது. இது நம் பள்ளிப் புத்தகங்களில் ஏன் இல்லை என்று எனக்கு வருத்தம்தான்.

பி.எஸ்-6 லாரி வாங்கியதிலிருந்து டெஃப் ஊற்றியே மாளவில்லை. யூரியாத் தண்ணீர்தானே, உர மூட்டையிலிருந்து நாமே கலக்கினால் என்ன? — லாரி உரிமையாளர், நாமக்கல்

கலக்காதீர்கள். ஏன் என்று முழுதாகச் சொல்கிறேன், கேட்டால் நீங்களே விட்டுவிடுவீர்கள்.

டீசல் என்ஜினில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சூட்டில் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். நுரையீரலுக்குக் கேடு செய்பவை. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 என்ற வண்டிப் புகை விதிமுறை வந்தபோது இந்த ஆக்சைடுகளுக்கான வரம்பு மிகவும் இறுகியது. புகைக்குழாயில் டெஃப் தெளித்தால் சூட்டில் யூரியா உடைந்து அம்மோனியா வரும். அந்த அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் வினையூக்கியின் மேல் சந்தித்து வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாறிப் போகும். பல வண்டிகளில் அந்த வினையூக்கி, செம்பு அயனிகள் ஏற்றிய சபாசைட் வகை ஜியோலைட். பீங்கான் தேன்கூட்டின் சுவரில் பூச்சாகப் பூசியிருப்பார்கள்.

இதற்கு முன்பு செம்பு ஏற்றிய இசட்.எஸ்.எம்-5-ஐ முயன்றார்கள். புதிதாக இருக்கும்போது பிரமாதமாக வேலை செய்தது. ஆனால் வண்டியில் என்ன நடக்கும்? புகைக்கரி வடிகட்டியில் சேர்ந்த கரியை அவ்வப்போது எரிக்கும்போது பின்னால் இருக்கும் வினையூக்கி வரை கடும் சூடும் நீராவியும் சேர்ந்து வரும். நீராவிதான் ஜியோலைட்டின் எமன். படிகத்தின் சட்டகத்திலிருந்து அலுமினியத்தைப் பிடுங்கிவிடும், அப்புறம் செம்புக்குப் பிடிமானம் இருக்காது. சபாசைட் வகையான எஸ்.எஸ்.இசட்-13-இல் வாசல் 0.38 நானோமீட்டர்தான். நைட்ரஜன் ஆக்சைடும் அம்மோனியாவும் தாராளமாகப் போய்வரும், ஆனால் சட்டகத்திலிருந்து கழன்ற அலுமினியத் துண்டு அந்த வாசல் வழியாக வெளியே போக முடியாது, உள்ளேயே கிடக்கும். படிகம் நொறுங்காமல் தாக்குப்பிடிக்கும். எஸ்.எஸ்.இசட்-13-ஐ செவ்ரான் எண்ணெய் நிறுவனத்தில் ஸ்டேசி ஜோன்ஸ் 1980-களிலேயே கண்டுபிடித்திருந்தார். லாரிக்கு அது பொருத்தம் என்று தெரியவர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பெரிய துளைதான் நல்லது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இதுதான்.

சரி, உங்கள் உர மூட்டைக்கு வருவோம். டெஃப் என்பது 32.5 சதவீத யூரியா, மீதி அயனி நீக்கிய தண்ணீர். நம் ஊர் உர யூரியா வேப்பெண்ணெய் பூசியது. போர்த் தண்ணீரில் கால்சியம் கிடக்கும். எண்ணெய் கரியாகும், உப்பு வினையூக்கியின் மேல் படிந்து வாசலை அடைக்கும், தெளிப்பானின் மூக்கும் அடைபடும். சபாசைட் சூட்டையும் நீராவியையும் தாங்கும்படி செய்யப்பட்டது, உப்புப் படிவைத் தாங்குவதற்கு அல்ல. சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து, லட்சக்கணக்கில் மாற்ற வேண்டிய பாகத்தைக் கெடுத்துக்கொள்வீர்கள். முத்திரை உடையாத கேனாக வாங்குங்கள், வெயிலில் வைக்காதீர்கள், தேதி பாருங்கள். கலப்பட டீசலும் வேண்டாம், கந்தகம் செம்பைப் பிடித்துக்கொள்ளும். பி.எஸ்-6 டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உடலின் நச்சை நீக்கும் என்று ஜியோலைட் சொட்டு மருந்து விற்கிறார்களே, வாங்கலாமா? — வாசகி, ஈரோடு

வேண்டாம். நச்சை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும். உடம்புக்கு ஏதாவது செய்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இறால் குட்டையில் மூட்டை மூட்டையாக ஜியோலைட் கொட்டுகிறோம். இதே பொருள்தானா? அம்மோனியா குறையுமா? — வாசகர், நாகப்பட்டினம்

ஒரே குடும்பம்தான். நீங்கள் கொட்டுவது பெரும்பாலும் கிளினோப்டிலோலைட் என்ற இயற்கைக் கனிமம், அரைத்தது. வினையூக்கியாக அல்ல, அயனி மாற்றியாக அதைப் பயன்படுத்துகிறோம். நல்ல தண்ணீரில் அது அம்மோனியம் அயனியை நன்றாகப் பிடிக்கும். உங்கள் குட்டையில் இருப்பது உவர்நீர். கோடிக்கணக்கான சோடியம் அயனிகள் அதே இடத்துக்குப் போட்டியிடும்போது, கொஞ்சமாக இருக்கும் அம்மோனியத்துக்கு இடம் கிடைப்பது அரிது. அதனால் உவர்நீரில் அதை நம்பி இருக்க வேண்டாம். தீனியைக் குறைப்பது, காற்றோட்டச் சக்கரத்தை ஓட்டுவது, அடிச்சேற்றை வெளியேற்றுவது, இவற்றில் போடும் காசு வீண்போகாது.

2025 வேதியியல் நோபல் துளைப் பொருளுக்குத்தானே கொடுத்தார்கள். இனி ஜியோலைட் காலம் முடிந்ததா? — கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

நோபல் கிடைத்தது உலோக-கரிமச் சட்டகங்களுக்கு, சுருக்கமாக எம்.ஓ.எஃப். மெல்போர்னின் ரிச்சர்ட் ராப்சன், கியோட்டோவின் சுசுமு கிடகாவா, பெர்க்லியின் ஒமர் யாகி மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். உலோக அயனிகளை மூலைகளாகவும் கரிம மூலக்கூறுகளைக் கம்பிகளாகவும் வைத்துக் கட்டும் படிகம் அது. 1989-இல் ராப்சன் வழி காட்டினார், 1997-இல் கிடகாவா அதற்குள் வாயுவை ஏற்றி இறக்கிக் காட்டினார், 1999-இல் யாகியின் எம்.ஓ.எஃப்-5 வந்தது. கம்பியின் நீளத்தை மாற்றினால் துளையின் அளவு மாறும். ஜியோலைட்டில் கனவிலும் நினைக்க முடியாத சுதந்திரம் அது. இதில் சில வகைகளின் உள்பரப்பு கிராமுக்கு 7000 சதுர மீட்டர் வரை போயிருக்கிறது.

ஆனாலும் ஜியோலைட் காலம் முடியவில்லை. எம்.ஓ.எஃப்-5-ஐ ஈரக் காற்றில் வைத்தாலே சிதைந்துவிடும். பெரும்பாலான சட்டகங்களில் 300, 400 டிகிரிக்கு மேல் கரிமக் கம்பி கருகி விழும். எண்ணெய் உடைக்கும் உலையில் கரியை எரித்துப் புதுப்பிக்கிறோம் என்று மேலே சொன்னேன் அல்லவா, எம்.ஓ.எஃப்-ஐ அப்படி எரித்தால் கரியோடு வினையூக்கியும் போய்விடும். அதனால் பெரிய ரசாயன ஆலைகளில் வினையூக்கியாக அது இன்னும் ஊன்றவில்லை.

குறைந்த சூட்டில் நடக்கும் வினைகளில்தான் அதன் எதிர்காலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2008-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் செய்த யு.ஐ.ஓ-66 என்ற சிர்கோனியம் சட்டகம் தண்ணீரில் போட்டாலும் கலையாது. அதில் வேடிக்கை என்னவென்றால், குறையே இல்லாத படிகம் வினையூக்கியாகச் சுமார்தான். அங்கங்கே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் சிர்கோனியம் திறந்து நிற்கும், வினை அங்கேதான் நடக்கும். அதனால் வேண்டுமென்றே அமிலம் சேர்த்து, கம்பிகள் விட்டுப்போகும்படி வளர்க்கிறார்கள். எத்தனை விட வேண்டும் என்பதுதான் சாமர்த்தியம், அதிகமாக விட்டால் சட்டகம் சரிந்துவிடும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சிர்கோனியம் சட்டகங்கள் நரம்பை முடக்கும் ரசாயன ஆயுத நஞ்சுகளைத் தண்ணீர் கொண்டு விரைவாகச் சிதைக்கின்றன.

கணினியில் வடிவமைத்து நமக்கு வேண்டிய வினையூக்கியை ஆர்டர் கொடுத்தது போலச் செய்ய முடியுமா? — மென்பொருள் பணியாளர், சென்னை

பாதி வழி வந்திருக்கிறோம்.

இதுவரை அங்கீகரிக்கப்பட்ட ஜியோலைட் சட்டக வகைகள் 250-க்கு மேல். கணினியில் கற்பனையாக வரைந்தவை லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆலைகளில் பெருமளவில் ஓடுபவை இருபது தேறினால் அதிகம். இந்த இடைவெளிக்குக் காரணம், காகிதத்தில் நிற்கும் படிகம் கலனுக்குள் வளர மறுப்பது. வளர்ந்தாலும் வார்ப்பு மூலக்கூறு தங்க விலை இருக்கும், அல்லது ஜெர்மேனியம் சேர்த்தால்தான் வளரும், அப்படி வளர்ந்தது ஈரம் பட்டால் உதிரும்.

பல பத்தாண்டுகளாக நடந்தது இதுதான்: கையில் கிடைத்த அம்மோனியம் உப்பையெல்லாம் கலனில் போட்டுப் பார்ப்பது, புதிய படிகம் வந்தால் அது எதற்கு உதவும் என்று தேடுவது. எஸ்.எஸ்.இசட்-13 கதை அப்படித்தான் நடந்தது. ஸ்பெயினில் வலென்சியாவின் வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த அவெலினோ கோர்மா குழு 2017-இல் இதைத் தலைகீழாகத் திருப்பியது. முதலில் வினையை எடுத்துக்கொண்டார்கள். அந்த வினை நடக்கும்போது நடுவில் ஒரு கணம் தோன்றி மறையும் நிலை எந்த வடிவத்தில், எந்த மின்சுமையோடு இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதைப் போலவே வடிவமும் மின்சுமையும் உள்ள, ஆனால் உடையாத ஒரு மூலக்கூறைத் தயாரித்து அதையே வார்ப்பாகப் போட்டார்கள். அதைச் சுற்றி வளர்ந்த படிகத்தில் உள்ள குழி, அந்த இடைநிலைக்கென்றே அளவெடுத்தது போல அமையும். டொலுவீனைச் சைலீனாக்குவது, எத்தில்பென்சீனைச் சைலீனாக்குவது, அடமாண்டேன் என்ற கூண்டு வடிவ மூலக்கூறைத் தயாரிப்பது என்று மூன்று வினைகளில் செய்து காட்டினார்கள். நொதிகள் வேலை செய்வதும் இந்தத் தத்துவத்தில்தான். கல்லில் அதைச் செய்ய முடிந்தது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது.

2021-இல் எம்.ஐ.டி.யும் வலென்சியா குழுவும் சேர்ந்து, எந்த வார்ப்பு எந்தச் சட்டகத்தோடு ஒத்துப்போகும் என்று லட்சக்கணக்கான ஜோடிகளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு வார்ப்பு தனக்கு வேண்டிய சட்டகத்துக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, போட்டிக்கு வரும் மற்ற சட்டகங்களுக்குப் பொருந்தாமலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் கலப்படப் படிகம் வரும் என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். அதுதான் சரியான பாதை.

மென்பொருள்காரரான உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தத் துறைக்கு வர ஆசை இருந்தால், ஆயுளைக் கணிக்கும் வேலையைக் கையில் எடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேகம், எவ்வளவு சுத்தம் என்று காட்டும் ஆய்வுக்கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. அதே பொடி ஆயிரம் மணி நேரம் நீராவியில் கிடந்த பிறகு என்ன ஆகிறது என்று சொல்பவை மிகக் குறைவு. ஆலைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

குப்பைப் பிளாஸ்டிக்கை ஜியோலைட் போட்டுப் பெட்ரோல் ஆக்கலாமாமே, நம் ஊராட்சியிலேயே செய்யலாமா? — ஊராட்சி உறுப்பினர், தேனி மாவட்டம்

பாலித்தீனை உடைக்க முடியும், ஆய்வகத்தில் நன்றாகவே நடக்கிறது. ஊராட்சி அளவில் செய்வதற்கு நான் ஆதரவு இல்லை. பாலித்தீன் சங்கிலி ஜியோலைட் சந்துக்குள் அப்படியே நுழையாது. வெளித்தோலிலோ வெறும் சூட்டிலோ முதலில் துண்டாக வேண்டும். குப்பையில் பி.வி.சி. துண்டு கலந்திருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும், குழாயும் போகும், பக்கத்தில் நிற்பவர் உடம்பும் போகும். கரி படிந்தால் பாதுகாப்பாக எரித்து மீட்க உலை வேண்டும். வருவதும் நேரே வண்டியில் ஊற்றும் தரத்தில் இருக்காது. தரம் பிரித்த பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்கும், தேறாததைச் சிமெண்ட் ஆலைக்கும் அனுப்பும் ஏற்பாட்டை முதலில் உறுதி செய்யுங்கள். தரம் பிரிக்காத ஊரில் எந்த வினையூக்கியும் வேலை செய்யாது.

முதுகலையில் இசட்.எஸ்.எம்-5 செய்கிறேன். ஒருமுறை படிகமே வரவில்லை, மறுமுறை வந்தும் வினை நடக்கவில்லை. எங்கே பார்க்க வேண்டும்? மேற்கொண்டு படிக்க எங்கே போகலாம்? — மாணவி, திருச்சி

முதலில் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு வரைபடத்தைப் பாருங்கள். 2-தீட்டா என்ற விலகு கோணத்தில் 8, 9 டிகிரி பக்கம் ஒரு ஜோடிக் கோடுகளும் 23-லிருந்து 25 வரை ஒரு கூட்டமும் வர வேண்டும். அந்த இடத்தில் அகலமான மேடு மட்டும் இருந்தால் கூழ் இன்னும் படிகமாகவில்லை. நேரம் போதவில்லை, அல்லது காரத்தன்மை சரியில்லை. கூழை அடைக்கும் முன் அறைச் சூட்டில் ஒரு நாள் கலக்கி ஊறவிடுங்கள். முந்தைய நல்ல தயாரிப்பில் ஒரு சிட்டிகையை விதையாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அலுமினியம் அதிகமாகப் போட்டாலும் படிகமாவது தாமதமாகும், முதலில் சிலிக்கான்-அலுமினிய விகிதத்தை 40, 50 அளவில் வைத்துக் கை பழகுங்கள். 26.6 டிகிரியில் கூர்மையான கோடு வந்தால் அது குவார்ட்ஸ், அதிக நேரமோ அதிகச் சூடோ வைத்துவிட்டீர்கள். கலனை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், முழுதாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும்.

படிகம் நன்றாக வந்தும் வினை நடக்கவில்லை என்றால் இரண்டு இடங்கள். ஒன்று, வார்ப்பு முழுதாக எரியவில்லை. பொடியைக் குவியலாக வைத்துச் சுட்டால் நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். மெல்லிய படுகையாகப் பரப்பி, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்றி, 550-இல் ஆறு மணி நேரமாவது காற்றோட்டத்தில் வையுங்கள், முழு வெள்ளையாக வர வேண்டும். இரண்டாவது, நீங்கள் சோடியம் வடிவத்தை அப்படியே வினைக்குப் போட்டிருக்கலாம். சோடியம் இருக்கும் வரை அமிலம் கிடையாது. அம்மோனியம் நைட்ரேட் கரைசலில் 80 டிகிரியில் இரண்டு மூன்று முறை மாற்றி, கழுவி, உலர்த்தி, மறுபடி சுட்டால் அம்மோனியா போய் ஹைட்ரஜன் வடிவம் கிடைக்கும். உறுதி செய்ய அம்மோனியாவை ஏற்றிச் சூட்டில் இறக்கும் சோதனை ஒன்று செய்து பாருங்கள்.

படிக்க: சென்னை ஐ.ஐ.டி.யில் தேசிய வினையூக்க ஆய்வு மையம் இருக்கிறது, புனே தேசிய வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் அங்கே யார் எந்த வினையில் வேலை செய்கிறார்கள் என்று அவர்கள் சமீபக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, உங்கள் எக்ஸ்-கதிர் வரைபடத்தை இணைத்து எழுதுங்கள், தோற்றுப்போன தயாரிப்பின் வரைபடத்தையும் சேர்த்து.